மழைநீர் வடிகாலில் எது போகலாம், எது போகக்கூடாது: சென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும் மழைநீர் வடிகால் பற்றிய பேச்சு வெள்ளத்தில் தொடங்கி வெள்ளத்திலேயே முடிந்துவிடுகிறது. தண்ணீர் தேங்கியதா, வடிந்ததா என்று எல்லோரும் கேட்கிறோம். வடிந்து போனது என்ன, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. கீழே உள்ளவை பெரும்பாலும் அந்த இரண்டாவது வகைக் கேள்விகள். பெருநகர சென்னை மாநகராட்சியின் எல்லையை மனத்தில் கொண்டு விடைகள் எழுதப்பட்டுள்ளன. தமிழ்நாட்டின் மற்ற நகரங்களுக்கும் சட்டங்கள் பெருமளவு இவையேதாம். பொறுப்பேற்கும் அலுவலகத்தின் பெயர் மட்டும் மாறும்.

மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் கடைசியில் ஒரே இடத்தில்தானே போய்ச் சேர்கின்றன?

இல்லை. இந்தப் பக்கத்திலுள்ள மற்ற விடைகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன.

வீட்டுக் கழிவறை, குளியலறை, சமையலறை ஆகியவற்றின் நீர் பாதாளச் சாக்கடையில் இறங்கினால், அது உந்து நிலையங்களின் வழியாகக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களில் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் நீரை ஆர்.ஓ. முறையில் மேலும் தூய்மையாக்கி, மணலி, இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்களும் இயங்குகின்றன.

மழைநீர் வடிகாலுக்கு அப்படி எந்த நிலையமும் கிடையாது. அதில் விழுந்தது எதுவானாலும் அருகிலுள்ள கால்வாய்க்குப் போய், அங்கிருந்து கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு அல்லது பக்கிங்காம் கால்வாயில் கலந்து, முகத்துவாரம் வழியாகக் கடலில் சேர்கிறது. வழியில் அதைத் தடுப்பவை சாலையோரச் சல்லடையும் வண்டல் வடிகட்டும் தொட்டியும் மட்டுமே. அவை குப்பையையும் மணலையும் பிடிக்கும். சோப்பு நீரையோ மலக் கிருமிகளையோ எஞ்சின் ஆயிலையோ பிடிக்கமாட்டா.

மழைநீர் சுத்தமான நீர்தானே? அதில் என்ன மாசு இருக்க முடியும்?

வானிலிருந்து விழும்போது ஏறக்குறைய சுத்தம்தான். மாசு தரையில் காத்திருக்கிறது. மாதக்கணக்கில் மழையில்லாத சாலையில் டயர் தேய்ந்த துகள்கள், பிரேக் தூசி, வண்டிகளிலிருந்து சொட்டிய எண்ணெய், நாய், மாடுகளின் கழிவு, கட்டட மண், உணவுக் கடைகளின் எச்சில் நீர் ஆகியவை படிந்து கிடக்கின்றன. முதல் மழையின் முதல் சில நிமிடங்கள் அவற்றையெல்லாம் ஒரே வீச்சில் அடித்துக்கொண்டு வடிகாலுக்குள் இறங்குகின்றன. பெருமழையின் கடைசி மணி நேரத்து நீரைவிட, கோடைக்குப் பிறகு பெய்யும் முதல் சிறுதூறலின் நீர் பல மடங்கு அழுக்காக இருப்பதற்குக் காரணம் இதுதான். மொட்டை மாடி நீரைத் தொட்டிக்குத் திருப்புபவர்கள் முதல் மழையை வெளியே விட்டுவிடுவதும் இதனால்தான்.

மழைக்கு முன்பு தூர்வாரும்போது சாலையோர வண்டல் தொட்டியின் மூடியைத் திறக்கும் வேளையில் அருகில் நின்று பாருங்கள். அடியில் கறுத்த மணல், அதற்கு மேல் காகிதத் தேநீர்க் குவளைகள், ஷாம்பு பாக்கெட்டுகள், பான் மசாலா உறைகள், எல்லாவற்றையும் ஒட்டவைத்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு என்று தெருவின் ஓராண்டுக் கணக்கு முழுவதும் அதில் இருக்கும்.

எந்த அலுவலகம் எதற்குப் பொறுப்பு?

மழைநீர் வடிகாலைக் கட்டுவதும் தூர்வாருவதும் மாநகராட்சியின் வேலை. பாதாளச் சாக்கடையும் அதற்கான வீட்டு இணைப்பும், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைப் பெருநகரக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தைச் சேர்ந்தவை. நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளில் உள்ள வடிகால்களில் பலவற்றை அத்துறையே கட்டியிருக்கிறது. ஆறுகளும் பெரிய கால்வாய்களும் ஏரிகளில் பெரும்பாலானவையும் நீர்வளத் துறையின் கையில் உள்ளன. இவற்றில் எதில் மாசு கலந்தாலும் 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உண்டு.

ஒரே தெருவில் பத்தடி இடைவெளியில் ஓடும் இரண்டு குழாய்களுக்கு இரண்டு அலுவலகங்கள், அவை போய்ச் சேரும் கால்வாய்க்கு மூன்றாவது அலுவலகம் என்னும் இந்த ஏற்பாட்டில்தான் சென்னையின் நீர் மாசுப் பிரச்சினையின் பெரும்பகுதி சிக்கிக்கொண்டிருக்கிறது என்பது இதை எழுதுபவரின் கருத்து. வடிகாலில் கழிவுநீர் ஓடுகிறது என்று புகார் சொன்னால், மாநகராட்சி அதைக் கழிவுநீர் என்கிறது, குடிநீர் வாரியம் அதை மழைநீர் வடிகால் என்கிறது, இரண்டுமே உண்மை. 2021 நவம்பர் மழைக்குப் பின் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் சென்னையின் வெள்ளத்தைத் தணிக்க வழிசொல்வதற்காக அமைக்கப்பட்ட ஆலோசனைக் குழு 2023 மார்ச்சில் தன் அறிக்கையை அரசிடம் அளித்தது. அத்தகைய குழு ஒன்று தேவைப்பட்டதே, எந்தத் துறையும் இந்த நகரின் நீரைத் தனியாக முழுமையாகப் பார்ப்பதில்லை என்பதற்குச் சான்று.

எங்கள் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. அதுவரை வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடலாமா?

விடக்கூடாது. நீர் மாசுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாசுபடுத்தும் எந்தப் பொருளையும் அறிந்தே நீரோடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ விடுவதைத் தடைசெய்கிறது. அச்சட்டத்தில் நீரோடை என்பதற்குக் கொடுக்கப்பட்டுள்ள பொருளும் விரிவானது: ஓடிக்கொண்டிருந்தாலும் வறண்டு கிடந்தாலும் நீர்வழி நீரோடையே, நிலத்தடி நீரும் கடலும் அதில் அடங்கும். ஆகவே, ‘கால்வாய் ஏற்கெனவே நாறிக்கொண்டுதானே இருக்கிறது’ என்பது சட்டத்தின் முன் வாதமாகாது. மாநகராட்சியும் தன் பங்குக்கு, வடிகாலில் கொடுக்கப்பட்ட முறையற்ற இணைப்புகளைத் துண்டித்து அடைத்து, அபராதமும் விதிக்கிறது.

மலத்தொட்டி கட்டியிருப்பவர்கள், அதிலிருந்து வழியும் நீரை வடிகாலில் விடலாம் என்று நினைக்கிறார்கள். அதுவும் தவறு. மலத்தொட்டி திடப்பொருளை மட்டுமே தங்கவைக்கிறது. வழிந்து வரும் நீர் தெளிவாகத் தோன்றினாலும் கிருமிகள் நிறைந்தது. அது உறிஞ்சுகுழியில் இறங்க வேண்டும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் தாழ்வான பகுதிகளில் உறிஞ்சுகுழி வேலை செய்யாது; அங்கே தொட்டியை அடிக்கடி லாரி வைத்துக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. அது செலவு பிடிக்கும் வழி என்பதையும் மறைப்பதற்கில்லை.

இங்கே சட்டத்தின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். 2011இல் மாநகராட்சியின் எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, சுற்றியிருந்த நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் உள்ளே வந்தன. பாதாளச் சாக்கடை அவற்றில் பலவற்றோடு வரவில்லை. பல இடங்களில் சாக்கடைக் குழாய்க்கு முன்பே மழைநீர் வடிகால் வந்துவிட்டது. வீட்டு வாசலில் கான்கிரீட் கால்வாய் ஒன்று தயாராக இருக்க, லாரிக்கு மாதந்தோறும் பணம் கொடுக்க வேண்டியவர் என்ன செய்வார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. குழாய் வந்த தெருவில் இணைப்பு வாங்காமல் இருப்பவருக்கு அபராதம் விதிப்பது நியாயம். குழாயே வராத தெருவில் அபராதத்தால் கழிவுநீர் நிற்பதில்லை, இடம்தான் மாறுகிறது. பகலில் ஓடியது இரவில் ஓடும்.

குழாய் வந்துவிட்டது. இணைப்புப் பெற என்ன செய்ய வேண்டும்?

உங்கள் பகுதியின் குடிநீர் வாரிய அலுவலகத்திலோ இணையவழியிலோ விண்ணப்பிக்கலாம். அலைச்சலைக் குறைப்பதற்காக ‘அழைத்தால் இணைப்பு’ என்னும் திட்டத்தையும் வாரியம் நடத்தி வந்திருக்கிறது. சாலையை வெட்டுவது, குழாயைச் சேர்ப்பது ஆகியவற்றை வாரியத்தின் வழியாகவே செய்ய வேண்டும். தெருவில் கிடைக்கும் பிளம்பர் ஒருவரை வைத்து ஓரிரவில் முடித்துக்கொள்ளும் இணைப்புகள்தாம் பிற்பாடு தவறான குழாயில் சேர்ந்திருப்பதாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன. வீட்டுக்காரருக்கே தெரியாமல் அவருடைய கழிவுநீர் வடிகாலில் ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு.

வடிகாலில் கழிவுநீர் கலக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூடிதானே தெரிகிறது?

மிக எளிய சோதனை நாட்காட்டியில் இருக்கிறது. மழைநீர் வடிகாலில் மழை நாட்களிலும் அதற்கடுத்த ஓரிரு நாட்களிலும் மட்டுமே நீர் ஓட வேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில், ஒரு மாதமாகத் தூறல் இல்லாத நிலையில், வடிகாலில் நீர் ஓடுகிறது என்றால் அது மழைநீர் இல்லை. நிலத்தடி நீர் கசிந்து வரலாம், குடிநீர்க் குழாய் உடைந்திருக்கலாம். ஆனால் நிறம் சாம்பலாகி, அழுகிய முட்டை வாடை வந்தால் ஐயம் வேண்டாம். நேரத்தையும் கவனியுங்கள். காலை 6 மணி முதல் 9 மணி வரை ஓட்டம் கூடி, நுரை மிதந்து, நண்பகலில் குறைந்தால், அது வீடுகளின் குளியல், துவையல் நேரத்தோடு ஒத்துப்போகிறது. நாள் முழுவதும் ஒரே அளவில் ஓடினால் உணவகமோ விடுதியோ அடுக்குமாடியோ மேலே இருக்கக்கூடும்.

எந்த வீடு என்று கண்டறிய, பொறியாளர்கள் மூடி மூடியாக மேல்நோக்கிச் செல்கிறார்கள். ஒரு மூடியில் நீர் ஓடுகிறது, அடுத்த மூடியில் வறண்டிருக்கிறது என்றால், இணைப்பு அவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. ஐயமுள்ள கட்டடத்தின் கழிவறையில் சாயத்தூளைக் கரைத்து ஊற்றி, வடிகாலில் அந்த நிறம் வருகிறதா என்று பார்ப்பதும் உண்டு. இந்த வேலைக்குரிய காலம் கோடை. பருவமழை தொடங்கிய பின் எல்லா வடிகாலிலும் நீர் ஓடும். எது யாருடையது என்று பிரித்தறிய இயலாது. ஆனால் வடிகால் பற்றிய அக்கறை நமக்கு வருவதோ அக்டோபரில்தான்.

மொட்டை மாடித் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்தால் என்ன? மழைநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவது நல்லதுதானே?

நல்லெண்ணத்தில் கேட்கப்படும் கேள்வி, செயலோ பெருங்கேடு. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 22,300 லிட்டர். 9,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் இரண்டரை லாரி அளவு. ஒரு குடும்பம் பல வாரங்களில் விடும் கழிவுநீருக்குச் சமமான அந்த நீர் சில மணி நேரத்தில் மெல்லிய கழிவுநீர்க் குழாயில் இறங்கினால், உந்து நிலையத்தால் அதை ஏற்ற முடியாது. நிலையம் திணறும்போது கழிவுநீர் வந்த வழியே திரும்பி, தாழ்வான தெருவின் மேன்ஹோல் வழியாகவும், தரைத்தள வீடுகளின் கழிவறை வழியாகவும் மேலே வருகிறது. மேட்டில் இருப்பவர் செய்த இணைப்புக்குப் பள்ளத்தில் இருப்பவர் விலை கொடுக்கிறார்.

தெருவில் தேங்கிய நீரை வடிக்க மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவதும் இதே தவறுதான். கூடவே உயிராபத்தும் சேர்கிறது: முழங்கால் நீருக்கடியில் திறந்து கிடக்கும் மூடி யார் கண்ணுக்கும் தெரியாது.

அப்படியானால் மாடி நீர் எங்கே போக வேண்டும்?

முதலில் உங்கள் மனைக்குள்ளேயே. 2003இல் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டத்தின் மூலம் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது; பழைய கட்டடங்களுக்கும் விலக்கில்லை. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் புதிய கட்டடங்களுக்கு அதை வலியுறுத்துகின்றன. மாடி நீர் தொட்டிக்கோ கிணற்றுக்கோ, நீரை நிலத்தடிக்கு இறக்கும் செறிவூட்டும் குழிக்கோ போன பிறகு மிஞ்சுவது மட்டுமே தெருவுக்கு வர வேண்டும் என்பதே விதியின் நோக்கம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மாடியிலிருந்து ஆண்டில் ஒரு லட்சம் லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கலாம்.

நடைமுறையில் காண்பது வேறு. கட்டட முடிவுச் சான்று வாங்குவதற்காகப் போட்ட குழி, பத்தாண்டுகளில் ஒருமுறைகூடத் திறக்கப்படாமல், சேறு படிந்து இறுகிக் கிடக்கிறது. மேலே கார் நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி முடிவதற்குள், கூழாங்கல்லையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவிப் போட்டால்தான் அது சேகரிப்புக் குழி. மேலும், மலத்தொட்டிக்கு அருகில் செறிவூட்டும் குழியை ஒருபோதும் அமைக்காதீர்கள். கிணற்றுக்குள் கிருமிகளை நீங்களே அனுப்புவதாகும்.

கடற்கரையை ஒட்டிய மணற்பகுதிக்கும் கான்கிரீட் வடிகால் தேவையா?

கருத்து வேறுபாடு உள்ள விஷயம். ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனில் கோவளம் வடிநிலத்துக்காகத் திட்டமிடப்பட்ட வடிகால்களில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பகுதிகளுக்கானவற்றை அங்குள்ள குடியிருப்போர் எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். பெய்யும் மழையை மணல் தானாகவே குடித்துக்கொள்கிறது. அந்த நீர்தான் கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கிறது. வடிகால் கட்டினால் மழைநீர் வெளியேறி, கழிவுநீர் உள்ளே வரும் என்பது அவர்கள் வாதம். களிமண் நிலத்துக்கும் மணல் நிலத்துக்கும் ஒரே வரைபடத்தைப் பயன்படுத்தக்கூடாது என்ற அளவில் அந்த வாதம் வலுவானது.

கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து சேற்று நீர் வடிகாலில் விடப்படுகிறது. அது வெறும் மண்தானே?

வடிகாலைப் பொறுத்தவரை மண்ணைவிடப் பெரிய எதிரி இல்லை. அடித்தளம் தோண்டும்போது ஊறும் நீரை மோட்டார் வைத்து இரவு முழுவதும் இறைக்கிறார்கள். அதோடு வரும் களியும் சிமென்ட் பாலும் வடிகாலின் அடியில் இறுகி, அடுத்த மழைக்கு முன்பே அதன் கொள்ளளவைப் பாதியாக்கிவிடுகின்றன. இறைக்கும் நீரை முதலில் ஒரு தொட்டியில் தெளியவைத்து, தெளிந்ததை மட்டும் அனுமதியோடு விட வேண்டும். மணலையும் ஜல்லியையும் சாலையோரம் குவிப்பதும் குற்றமே. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். மழைநீர், கழிவுநீர் மேலாண்மைக்கான நிபந்தனைகள் அந்த அனுமதியிலேயே எழுதப்பட்டிருக்கும். அண்டை வீட்டார் அந்த அனுமதிக் கடிதத்தைப் பெற்றுப் படித்துவிட்டுப் புகார் செய்வது நல்லது.

உணவகம், மெக்கானிக் கடை, வண்டி கழுவும் இடம் ஆகியவற்றுக்குத் தனி விதி உண்டா?

இவற்றின் நீர் எதுவும் மழைநீர் வடிகாலுக்குரியது இல்லை. உணவகத்தின் பாத்திரம் கழுவும் நீர், எண்ணெயும் கொழுப்பும் தேங்கி மிதக்கும் தொட்டி ஒன்றைக் கடந்த பிறகே சாக்கடைக்குப் போக வேண்டும்; இல்லாவிட்டால் கொழுப்பு குழாயில் கட்டியாகிப் பாதாளச் சாக்கடையே அடைத்துக்கொள்ளும். மெக்கானிக் கடையில் வடித்த பழைய ஆயிலை, 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளின்படி, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். எவ்வளவு ஆயில் தீங்கானது என்று கேட்பவர்களுக்கு ஓர் அளவுகோல்: சுத்திகரித்த கழிவுநீரை ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலையில் விடுவதற்கான பொதுத் தரத்தில், எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

தொழிற்சாலை தன் கழிவுநீரைச் சுத்திகரிக்கிறது. மழை நாளில் அதன் வளாகத்திலிருந்து ஓடிவரும் நீருக்கும் அது பொறுப்பா?

பொறுப்புத்தான். இதற்கு 2023 டிசம்பரைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. மிக்ஜாம் புயலின் பெருமழைக்குப் பின் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அலையாத்தி மரங்களின் தண்டுகளிலும், படகுகளின் ஓரத்திலும், மீனவர்களின் வலைகளிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது. மணலியில் உள்ள சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லை என்றும், அங்கே தேங்கியிருந்த எண்ணெய் வெள்ளநீரோடு பக்கிங்காம் கால்வாயில் கலந்தது என்றும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

அங்கே எண்ணெயைக் கழிமுகம் வரை சுமந்து சென்றது வெள்ளநீர். ஆலைக் கழிவுநீரின் குழாய் முனையில் மட்டும் மாதிரி எடுக்கும் கண்காணிப்பு, வளாகத் தரையையும் அதன் மழைநீர்க் கால்வாயையும் பார்க்காமல் விட்டுவிடுகிறது. வளாகத்தின் முதல் மழைநீரைத் தனித் தொட்டியில் பிடித்து, எண்ணெயைப் பிரித்தெடுத்து, அதன் பிறகே வெளியே விட வேண்டும் என்ற நிபந்தனை பெரிய ஆலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையில் இருந்தால் மட்டும் போதாது. மழை பெய்யும் வேளையில் யாராவது போய்ப் பார்க்கவும் வேண்டும். புயலன்று ஆய்வு நடத்துவது கடினம் என்பது உண்மை. ஆகவே அந்த ஆய்வு புயலுக்கு முன்பு, செப்டம்பரில், நடக்க வேண்டியது.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சட்டப் போராட்டம் புதியதும் இல்லை. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில்தான், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் கூறியது. நொய்யலை மாசுபடுத்திய திருப்பூர்ச் சாய ஆலைகளை 2011இல் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

கழிவுநீர் லாரி இரவில் வடிகாலில் ஊற்றுவதைப் பார்த்தோம். என்ன செய்யலாம்?

வண்டி எண், இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு உடனே புகார் செய்யுங்கள். மலக்கசடு அகற்றும் வண்டிகள் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட உந்து நிலையத்திலோ சுத்திகரிப்பு நிலையத்திலோ மட்டுமே கொட்ட வேண்டும். மீறினால் முதல் முறை 25,000 ரூபாயும் மறுமுறை 50,000 ரூபாயும் அபராதம். லாரியை அமர்த்தும் குடியிருப்போர் சங்கங்களும் ஒரு காரியம் செய்யலாம்: குறைந்த கட்டணம் கேட்பவரிடம், எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டு, அந்த நிலையத்தின் ரசீதைக் காட்டினால்தான் பணம் என்று சொல்லுங்கள்.

வடிகால் அடைத்திருக்கிறது. ஆள் வைத்து நாங்களே இறங்கிச் சுத்தம் செய்யலாமா?

செய்யாதீர்கள். கழிவுநீர் கலந்த மூடிய வடிகாலிலும் நச்சு வாயு தேங்கும். பாதாளச் சாக்கடையிலோ மலத்தொட்டியிலோ பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இறக்கச் சொன்ன வீட்டு உரிமையாளரும் அதில் சிக்குவார். இயந்திரத்தால் அடைப்பெடுக்க 14420 என்ற உதவி எண் இருக்கிறது.

அரசு அமைப்பின் உந்து நிலையத்திலிருந்தே கழிவுநீர் ஆற்றில் விடப்பட்டால் யாரிடம் முறையிடுவது?

சட்டம் தனியாருக்கு மட்டுமானது இல்லை; உள்ளாட்சிக்கும் வாரியத்துக்கும் அதே 24ஆம் பிரிவுதான். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவை மாசடைந்ததற்காக, 2019 பிப்ரவரியில் பசுமைத் தீர்ப்பாயம் தமிழ்நாடு அரசையே 100 கோடி ரூபாய் செலுத்தும்படி உத்தரவிட்டதுண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில், ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவத்தில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு; அது கூடினால் மாசு கூடியிருக்கிறது என்று பொருள்) லிட்டருக்கு 345 மில்லிகிராம் வரை பதிவாகியிருந்தது. குளிப்பதற்குரிய நீரில் இது 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அந்த 345ஐ ஒரு தொழிற்சாலையின் தலையில் கட்டிவிட முடியாது. வீட்டுக் கழிவுநீர் வடிகால் வழியாகப் பல்லாண்டுகளாக வந்து சேர்ந்ததன் விளைவு அது. நகரத்தின் கழிவுநீரைப் பிடிக்கக் குழாய் போடாத அமைப்பும், போட்ட குழாயில் சேராத வீடும் அதில் பங்காளிகள்.

தனிமனிதரும் தீர்ப்பாயத்தை அணுகலாம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். இழப்பீடு கேட்பதானால் 5 ஆண்டுகள் அவகாசம் உண்டு.

சாதாரணப் புகாரை எப்படிச் செய்தால் பலன் கிடைக்கும்?

மாநகராட்சியின் எண் 1913. அழைப்பதற்கு முன் சில விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: அருகிலுள்ள தெருவிளக்குக் கம்பத்தின் எண், நீர் ஓடிய நேரம், அதற்கு முன் கடைசியாக மழை பெய்த நாள், மூடியைத் தொடாமல் சல்லடை வழியாகத் தெரிந்த நிறம், வாடை. ‘எங்கள் தெருவில் ஒரே நாற்றம்’ என்ற புகார் ஒரு தெளிப்பானோடும் பிளீச்சிங் பவுடரோடும் முடிந்துவிடும். ‘மூன்று வாரமாக மழையில்லை, இன்ன கம்பத்துக்கு எதிரேயுள்ள வடிகாலில் காலை 7 மணிக்கு நுரையோடு நீர் ஓடுகிறது, அதற்கு மேலுள்ள மூடியில் நீர் இல்லை’ என்ற புகாரை அப்படி முடிக்க இயலாது. பொறியாளர் வந்து பார்க்க வேண்டியதாகிவிடும். அதே புகாரைக் குடிநீர் வாரியத்துக்கும் ஒரே நாளில் அனுப்பி, ஒவ்வொன்றிலும் மற்றதன் பதிவு எண்ணைக் குறிப்பிடுங்கள்.

பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உங்கள் தெரு வடிகாலில் எத்தனை முறையற்ற இணைப்புகள் கண்டறியப்பட்டன, எத்தனை அடைக்கப்பட்டன, கடைசியாக எந்தத் தேதியில் தூர்வாரப்பட்டது என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும். வார்டு அளவிலான பகுதி சபைக் கூட்டங்களிலும் இதே கேள்வியை எழுப்பலாம். அந்தக் கேள்வியைப் பங்குனி, சித்திரையில் கேளுங்கள். அப்போதுதான் வடிகாலில் ஓடுவது என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.